அக்னியும் புதூர்நாடும்

திருப்பத்தூரிலிருந்து ஜவ்வாது மலைமேல் ஏறிச் சென்றால் புதூர்நாடு வரும். சாமையும் கொள்ளும் விளையும் பூமி. மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக உழுது வாழும் ஊர். இவ்வூரிலிருந்து சீனத் தலைநகரான பீஜிங்குக்கு ஆகாய மார்க்கமாக ஒரு கோடு இழுத்து அளந்தால் ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர் வரும். இப்படியொரு கணக்கைப் போட்டுப் பார்க்க நமக்கோ புதூர்நாட்டாருக்கோ முன்னெல்லாம் யாதொரு அவசியமும் இருந்ததில்லை. இன்று இருக்கிறது. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் தேதி ஒடிசாவின் சண்டிப்பூர்ச் சோதனைத் தளத்திலிருந்து வெற்றிகரமாக ஏவப்பட்ட அக்னி-5 ஏவுகணை, 5,000 கிலோமீட்டருக்கு அப்பாலும் சென்று தாக்க வல்லது என்று நமது சர்க்காரே பலமுறை அறிவித்திருக்கிறது.

இதன் பொருளை வாசகர்கள் நிதானமாகச் சிந்திக்க வேண்டுகிறோம். வடக்கெல்லையை நெருங்கிக் கொண்டுபோய் நிறுத்தினாலன்றிப் பயன் தராத ஆயுதங்களின் காலம் போய், தீபகற்பத்தின் நடுவே எந்தச் சாலையில் நிறுத்தினாலும் பயன் தரும் ஆயுதத்தின் காலம் வந்திருக்கிறது. எல்லைக்கு அருகே இருப்பதைச் சத்துரு எளிதில் அழித்துவிடலாம். உள்நாட்டில் ஆழப் பதுங்கி இருப்பதை அழிப்பது எளிதன்று. ஆதலின் நெடுந்தூரம் பாயும் கணையைத் தெற்கே வைக்க முடிவது தேசப் பாதுகாப்புக்குப் பெரிய அனுகூலம் என்பதில் ஐயமில்லை. ஆனால் எந்த நிலத்தில் ஆயுதம் நிற்கக்கூடுமோ அந்த நிலத்தின்மீது எதிரியின் கண்ணும் விழும் அன்றோ? அவை எங்கே நிறுத்தப்பட்டிருக்கின்றன என்பதை ராணுவம் வெளியிடுவதில்லை, வெளியிடவும் கூடாது. எங்கு வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பது ஒன்றே நமது வாதத்துக்குப் போதும். 2025ஆம் ஆண்டு செப்டம்பரில், சுமார் 2,000 கிலோமீட்டர் பாயும் அக்னி-பிரைம் என்னும் கணையை ரயில் வண்டியிலிருந்தே ஏவிப் பரீட்சித்தார்கள். தண்டவாளம் உள்ள இடமெல்லாம் ஏவுதளம் ஆகலாம் என்றால், ஜவ்வாது மலைக்கு அருகிலுள்ள ஜோலார்பேட்டைச் சந்திப்பு மட்டும் அதற்கு விலக்காகுமா?

பெயரைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. கண்டம் விட்டுக் கண்டம் பாயும் கணை என்று அழைக்கப்படுவதற்கு 5,500 கிலோமீட்டர் செல்லவேண்டும் என்பது அமெரிக்காவும் சோவியத் ரஷ்யாவும் தங்கள் உடன்படிக்கைகளுக்காக வகுத்துக்கொண்ட எல்லை. 2025ஆம் ஆண்டின் சர்க்கார் அறிக்கை அக்னி-5ஐ இடைத்தூரக் கணை என்றே அடக்கமாகக் குறிப்பிட்டது. 2012இல் முதல் சோதனை நடந்தபோதோ, அது உண்மையில் 8,000 கிலோமீட்டர் செல்லும் என்று சீன நிபுணர் ஒருவர் சொன்னதாகச் செய்தி வந்தது. நாம் குறைத்துச் சொல்கிறோம், அவர்கள் கூட்டிச் சொல்கிறார்கள். இதில் யார் சொல்வது சரி என்ற ஆராய்ச்சி நமக்கு வேண்டியதில்லை.

ஜவ்வாது மலைச் சீமை யுத்தத்தை அறியாத சீமையன்று. 1767ஆம் ஆண்டு செப்டம்பரில் இந்த மலையின் தென்புறத்திலுள்ள செங்கத்தில் ஐதர் அலியின் சேனையும் கும்பினியாரின் சேனையும் மோதின. அவ்வாண்டின் இறுதியில் வடபுறத்து ஆம்பூர்க் கோட்டையை ஐதர் முற்றுகையிட்டார். அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1780 செப்டம்பர் 10ஆம் தேதி, காஞ்சீபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் மைசூர்ப் படையின் இரும்புக்குழாய் வாணங்கள் கர்னல் பெய்லியின் படையைக் கலக்கிவிட்டன. ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றியதே அந்தத் தோல்வியை முடித்து வைத்தது என்று சரித்திரக்காரர் எழுதுகின்றனர். காகிதக் குழாய்க்குப் பதிலாக இரும்புக் குழாயில் மருந்தைக் கெட்டித்து அடைத்தால் வாணம் வெகுதூரம் போகும் என்பது நம்மவர் கண்ட உண்மை. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அந்த வாணங்கள் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தன. உல்விச்சில் வில்லியம் காங்கிரீவ் அவற்றை ஆராய்ந்து புதிய வாணங்களைச் செய்தார். 1807இல் கோபன்ஹேகன் நகரம் அவற்றால் எரிந்தது. வித்தை நம்முடையது, அதைக் கற்று வளர்த்தவர் பிறர். நமது பட்டறைகளோ, மன்னர் ஒருவர் மாண்டதோடு தாமும் மாண்டன.

இந்தப் பழைய கதையை நாம் எடுத்துரைப்பது பெருமை பேசுவதற்காக அல்ல. ஒரு தேசம் தன் வித்தையைத் தானே காத்துக்கொள்ளாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி வேறில்லை. சுதந்திர இந்தியாவின் ஏவுகணை முயற்சிக்கும் அதே சோதனை வந்தது. 1983இல் ஏவுகணை அபிவிருத்தித் திட்டம் தொடங்கிற்று. ராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் அதற்குத் தலைமை வகித்தார். 1987இல் மேனாட்டு வல்லரசுகள் கூடி, ஏவுகணைக்கு உதவும் பொருளையும் அறிவையும் பிறருக்குக் கொடுப்பதில்லை என்று ஒரு கட்டுப்பாடு வகுத்துக்கொண்டன. 1989ஆம் ஆண்டு ஏப்ரலிலும் மே மாதத் துவக்கத்திலும் அக்னியின் முதற் சோதனை தள்ளிப்போயிற்று; பத்திரிகைகளின் கேலிச் சித்திரக்காரர்களுக்கு நல்ல வேட்டை. மே 22ஆம் தேதி அது பாய்ந்தது. 1992இல் தோற்றது, 1994இல் வென்றது, பிறகு அன்னிய நிர்ப்பந்தத்தால் சில ஆண்டுகள் கட்டிவைக்கப்பட்டது. 1999இல் அக்னி-2 வந்தது. அக்னி-3, 2006இல் கடலில் விழுந்து, அடுத்த ஆண்டு ஏப்ரலில் வெற்றி கண்டது. 2012 ஏப்ரல் 19ஆம் தேதி அக்னி-5 பறந்தது. அதன் திட்டத்தை நடத்தியவர்களுள் முக்கியமானவர் ஆலப்புழையில் பிறந்த பெண்மணியான டெஸ்ஸி தாமஸ். ஏவுகணையை நமக்கு மறுத்த அதே கட்டுப்பாட்டுச் சங்கம் 2016இல் நம்மை அங்கத்தினராகச் சேர்த்துக்கொண்டது! கைவசம் இல்லாதபோது மறுப்பதும், செய்து முடித்தபின் அழைப்பதும் வல்லரசுகளின் வழக்கம்.

இந்தக் கணையின் வேலை எப்படிப்பட்டது? பதினேழரை மீட்டர் நீளமும் சுமார் 50 டன் எடையும் உள்ள அது, மூன்று அடுக்குகளில் கெட்டி எரிபொருளை எரித்துக்கொண்டு காற்று மண்டலத்துக்கு வெளியே போகிறது. பிறகு எறிந்த கல்லைப்போல் தன் போக்கில் வளைந்து இறங்குகிறது. 2012இல் 5,000 கிலோமீட்டர் தூரத்தைச் சுமார் இருபது நிமிஷங்களில் கடந்தது. மீண்டும் காற்றுக்குள் நுழையும்போது அதன் முகப்பில் 3,000 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் எழுகிறது. அந்த வெப்பம் உள்ளே ஏறாமல் காப்பது கரிநார்களால் ஆன கவசம். எடை குறைந்த இத்தகைய பொருளைக் கொண்டுதான் ஐதராபாத்தில் இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய குழந்தைகளுக்குக் கலாமின் குழுவினர் ஊன்றுகட்டுகள் செய்து கொடுத்தனர். மூன்று கிலோவுக்கு மேல் கனத்த இரும்புக் கட்டுக்குப் பதில் 300 கிராம் எடையுள்ள கட்டு! தம் வாழ்க்கையில் மிகுந்த ஆனந்தம் தந்த காரியங்களுள் அதுவும் ஒன்று எனக் கலாம் பின்னாட்களில் சொல்லி வந்தார்.

ஆகவே அக்னியை வெறுப்பவர் கட்சியில் நாம் இல்லை. 2025ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ரஷ்யாவிடம் 5,459, அமெரிக்காவிடம் 5,177, சீனாவிடம் சுமார் 600, பாகிஸ்தானிடம் சுமார் 170, நம்மிடம் சுமார் 180 அணுகுண்டுகள் இருந்தன என்று ஸ்டாக்ஹோம் சமாதான ஆராய்ச்சிக் கழகம் மதிப்பிட்டது. அண்டை வீட்டார் இருவர் கையிலும் தீவட்டி இருக்கும்போது நாம் மட்டும் வெறுங்கையோடு நிற்பது தர்மம் என்று உபதேசிப்பவர்களுக்கு, அந்தத் தர்மத்தை முதலில் மாஸ்கோவிலும் வாஷிங்டனிலும் போய்ச் சொல்லிவிட்டு வரும்படி கேட்டுக்கொள்வோம். உண்மையாகவே அப்படிப் போய்ச் சொன்ன தமிழர் ஒருவர் உண்டு. 1962ஆம் ஆண்டு செப்டம்பரில், 83 வயதில், ராஜாஜி வாஷிங்டன் சென்று ஜனாதிபதி கென்னடியைச் சந்தித்து அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தவேண்டுமென்று வாதாடினார். அடுத்த ஆண்டே, ஆகாயத்திலும் கடலிலும் சோதனை செய்வதில்லை என்று வல்லரசுகள் உடன்படிக்கை செய்துகொண்டன. அதற்கு ராஜாஜி ஒருவரே காரணம் என்று நாம் சொல்லவில்லை. கேட்கவேண்டிய இடத்தில் கேட்கவேண்டியதைக் கேட்பதற்கு வயதும் தூரமும் தடையல்ல என்பதற்காகவே அதை நினைவூட்டுகிறோம்.

நாம் இங்கே கேட்கவேண்டியது வேறொன்று. ஆயுதம் இருக்கட்டும், அதற்கும் தீர்மானத்துக்கும் இடையே எவ்வளவு நேரம் இருக்கிறது?

2003ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் தேதி இந்திய சர்க்கார் தன் கொள்கையை உலகறிய வெளியிட்டது. முதலில் அணுகுண்டைப் பிரயோகிப்பதில்லை; நம்மீது பிரயோகித்தால் தாங்க முடியாதபடி திருப்பி அடிப்போம்; அந்த உத்தரவைப் பிரதம மந்திரியைத் தலைவராகக் கொண்ட ஜனநாயக அதிகார பீடமே இடலாம். ரசாயன, கிருமி ஆயுதத் தாக்குதலுக்கு மட்டும் ஒரு விலக்கு வைத்துக்கொண்டார்கள். முதலில் அடிப்பதில்லை என்று சத்தியம் செய்தவனுக்கு அவசரம் தேவையில்லை. ஆதலால்தான் நெடுங்காலமாக நமது குண்டு ஓரிடத்திலும் அதைச் சுமக்கும் கணை மற்றோரிடத்திலும் தனித்தனியே வைக்கப்பட்டு வந்தன என்பர் இத்துறை அறிஞர். குண்டை எடுத்துவந்து கணையில் பொருத்தும் நேரம் முழுவதும் யோசிக்கும் நேரம், செய்தியைச் சரிபார்க்கும் நேரம், தொலைபேசியை எடுத்து எதிர்த் தரப்பாரோடு பேசும் நேரம்.

அந்த நேரம் இப்போது சுருங்கி வருவதாகத் தோன்றுகிறது. 2015 ஜனவரி 31ஆம் தேதி அக்னி-5, மூடிய எஃகுக் குழாயிலிருந்து முதன்முறையாக ஏவப்பட்டது. கணையை அந்தக் குழாய்க்குள் வைத்து மூடி லாரியில் ஏற்றிவிட்டால் எங்கும் கொண்டு செல்லலாம். நின்ற இடத்திலிருந்து சில நிமிஷங்களில் ஏவலாம். மழை, தூசு, ஒற்றர் கண் எல்லாவற்றினின்றும் அது பாதுகாப்பாகவும் இருக்கும். ராணுவக் கண் கொண்டு பார்த்தால் இது மெச்சத்தக்க முன்னேற்றம். ஆனால் குழாயை ஒருமுறை மூடியபின் குண்டைத் தனியே வைத்திருப்பது கடினம் என்றும், சமாதான காலத்திலேயே சில குண்டுகள் கணைகளோடு சேர்த்து வைக்கப்படலாம் என்றும் மேற்சொன்ன ஆராய்ச்சிக் கழகம் எழுதியிருக்கிறது. 2024 மார்ச்சு 11ஆம் தேதி, ஒரே கணை பல குண்டுகளைச் சுமந்து சென்று வெவ்வேறு இலக்குகளில் போடும் வித்தையையும் நமது விஞ்ஞானிகள் செய்து காட்டினார்கள். திவ்யாஸ்திரம் என்று அதற்குப் பெயர். புராணத்தில் திவ்யாஸ்திரம் பெற்றவர்கள் அதை விடும் மந்திரத்தோடு திரும்ப அழைக்கும் மந்திரத்தையும் கற்றதாகக் கேள்வி. இந்த அஸ்திரத்துக்கு இரண்டாவது மந்திரம் கிடையாது, விட்டது விட்டதுதான்.

பிசகு நேராது என்று யாரும் சொல்ல முடியாது. 2022ஆம் ஆண்டு மார்ச்சு 9ஆம் தேதி நமது விமானப்படையின் பிரம்மோஸ் கணை ஒன்று தவறுதலாகக் கிளம்பிப் பாகிஸ்தானுக்குள் நூறு கிலோமீட்டருக்கு மேல் சென்று, மியான் சன்னு என்னும் ஊரருகே விழுந்தது. நல்வினைப் பயனாக அதில் குண்டு இல்லை. ஓர் உயிரும் போகவில்லை. விசாரணை நடந்தது, அதிகாரிகள் மூவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர். 1983 செப்டம்பர் 26ஆம் தேதி, மேகத்தின்மேல் பட்ட சூரிய ஒளியை அமெரிக்க ஏவுகணைகள் என்று சோவியத் எச்சரிக்கை யந்திரம் மயங்கியது. அன்றிரவு காவலில் இருந்த ஸ்தானிஸ்லாவ் பெட்ரோவ் என்ற அதிகாரி யந்திரத்தை நம்பாமல் தம் புத்தியை நம்பினார். அவருக்குக் கிடைத்த அவகாசம் சில நிமிஷங்களே. அந்தச் சில நிமிஷங்களும் கிட்டாதவாறு தேசங்கள் தங்கள் ஆயுதங்களைச் சித்தம் செய்துகொண்டே போனால், எத்தனை பெட்ரோவ்கள் இருந்தும் பயனில்லை.

இந்த நிலையில் ராஜ்யத்தின் சத்தியவாக்கு எவ்வளவு உறுதியாக இருக்கவேண்டும்! ஆனால் 2019 ஆகஸ்டு 16ஆம் தேதி பொக்ரானுக்குச் சென்ற பாதுகாப்பு மந்திரி ராஜ்நாத் சிங், முதலில் பிரயோகிப்பதில்லை என்பதே இன்றுவரை நமது கொள்கை என்றும், எதிர்காலத்தில் என்ன ஆகும் என்பது சந்தர்ப்பத்தைப் பொறுத்தது என்றும் பேசினார். மந்திரியாருக்கு நமது பணிவான விண்ணப்பம்: சந்தர்ப்பத்தைப் பொறுத்து மாறக்கூடிய வாக்குறுதியை எதிரி நம்பமாட்டான். நம்பாதவன் தன் ஆயுதத்தையும் விரலடியில் வைத்துக்கொண்டு தூங்காமல் உட்கார்ந்திருப்பான். அவன் தூங்காதிருப்பதால் நமக்கு என்ன லாபம்?

மேலும், தேசத்தின் ஆயுதம் எப்போதும் யாரோ ஒரு குடியானவனின் நிலத்தின்மேல்தான் நிற்கிறது. 1980களின் நடுவில் ஏவுகணைச் சோதனைத் தளத்துக்காக ஒடிசாவின் பாலியாபால் வட்டாரத்தில் கிராமம் கிராமமாகக் குடிகளை அகற்றச் சர்க்கார் திட்டமிட்டது. வெற்றிலைக் கொடிக்காலும் நிலக்கடலையும் பயிரிட்ட அந்த மக்கள் பாதைகளை அடைத்து, அதிகாரிகளை உள்ளே விடாமல், ஆண்டுக்கணக்கில் சாத்வீகமாகப் போராடினார்கள். கடைசியில் அத்திட்டம் அங்கே நிறைவேறவில்லை. அதற்காக அக்னி நின்றுவிட்டதா? கடலுக்குள் இருந்த ஒரு சிறு தீவிலிருந்து பறந்தது; இன்று அத்தீவுக்கு அப்துல் கலாமின் பெயர். குடியானவன் சொன்னதைக் கேட்டதால் தேசப் பாதுகாப்புக்கு ஒரு குறைவும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஏவுகணைக்குச் செலவிடும் பணத்தைப் பாதைக்குச் செலவிடலாமே என்ற வாதத்தை நாம் முழுவதும் ஏற்பதில்லை. பாதை இல்லாததற்கு அக்னி காரணமல்ல, அலட்சியமே காரணம். 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் தேதி ஜவ்வாது மலையின் புலியூரைச் சேர்ந்தவர்கள் சேம்பரைக் கோயிலுக்குச் சரக்கு வண்டி ஒன்றில் ஏறிப் போனார்கள். மலைப் பாதையில் வண்டி பள்ளத்தில் உருண்டு பதினொரு பேர் மாண்டனர். வாழ்வின் சாதாரணப் பிரயாணத்துக்குச் சரக்கு வண்டியை நம்பியிருக்கும் மக்களிடம், இருபது நிமிஷத்தில் 5,000 கிலோமீட்டர் செல்லும் கணை உங்களைக் காக்கிறது என்று சொல்வோமானால், அவர்கள் மறுக்கமாட்டார்கள். மலை ஜனங்கள் மரியாதை தெரிந்தவர்கள். ஆனால் அந்தக் கணை யார் பேரால் நிற்கிறதோ அவர்களுள் தாங்களும் உண்டா என்று மனத்துக்குள் கேட்டுக்கொள்ளாமல் இருப்பார்களா?

உண்டு என்பதே நமது துணிபு. புதூர்நாடு திருவண்ணாமலை மக்களவைத் தொகுதியில் அடங்கியது. அத்தொகுதியின் அங்கத்தினரும், தமிழ்நாட்டின் ஏனைய அங்கத்தினரும், கட்சி பேதம் பாராமல் பார்லிமெண்டில் இரண்டு கேள்விகளைக் கேட்கவேண்டும். 2003ஆம் ஆண்டு அளித்த வாக்குறுதியைச் சர்க்கார் மாற்றமின்றி மறுபடியும் உறுதிப்படுத்துகிறதா? சமாதான காலத்தில் குண்டும் கணையும் தனித்தனியே வைக்கப்படும் என்று கூறத் தயாரா? கணை எந்த மலையில், எந்த லாரியில் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. ஆம் என்றோ இல்லை என்றோ விடை சொல்வதால் ராணுவ ரகசியம் ஒன்றும் வெளிப்பட்டுவிடாது.